விறாந்தையை அடைக்க வேண்டாம்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருப்பது இது. 12 பேர்ச் வளவு, கிழக்குப் பார்த்த வீடு, அம்மா சீதனமாக எழுதித் தந்தது. முன்னால் விறாந்தை, அதையடுத்து ஹோல், மூன்று அறைகள், பின்னால் குசினி. வீட்டில் அவரும் கணவரும், சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் மகளும், தரம் 4 படிக்கும் மகனும், 72 வயதான அம்மாவும் இருக்கிறார்கள். விறாந்தையை ஒட்டிய முன் அறை கணவன் மனைவிக்கு, நடு அறை பிள்ளைகள் இருவருக்கும், குசினிக்குப் பக்கத்து அறை அம்மாவுக்கு. "பின்னேரமானால் ஆளுக்கொரு மூலையில் போனோடு இருக்கிறோம். விறாந்தையைச் சுவர் வைத்து அடைத்து மகளுக்கு அறையாக்கி, ஹோலுக்கு நல்ல செற்றி ஒன்று வாங்கினால் எல்லோரும் வந்து இருப்பார்களா?"

தங்கச்சி, சுவர் வேண்டாம். செற்றியும் இப்போதைக்கு வேண்டாம். மகளுக்குத் தனி அறை கட்டாயம் வேண்டும். அதை இருக்கிற வீட்டுக்குள்ளேயே எடுக்கலாம். ஆறுதலாகச் சொல்கிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்தில் வீட்டுப் படம் வரைந்தவன் நான். நிலாவெளியிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் என் படத்தை வைத்துக் கட்டிய வீடுகளுக்குள் பிறகு போய் இருந்து தேநீர் குடித்திருக்கிறேன். படம் வரைய வந்தவர்கள் எல்லோரும் எத்தனை அறை, எவ்வளவு செலவு என்று கேட்டார்கள். மே மாதம் பின்னேரம் மூன்று மணிக்கு இந்த வீட்டில் எங்கே இருக்கலாம் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். குடும்பம் எங்கே கூடும் என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. நம் ஊரில் ஆட்கள் காற்றிருக்கும் இடத்துக்குப் போவார்கள். காற்றில்லாத ஹோலில் என்ன விலைக்குச் செற்றி வாங்கிப் போட்டாலும், விருந்தாளி வருகிற நாளில்தான் அதில் ஆள் இருக்கும். மற்ற நாட்களில் ஆளுக்கொரு காற்றாடியைத் தேடி ஆளுக்கொரு அறைக்குப் போய்விடுவார்கள். உங்கள் வீட்டில் நடப்பது அதுதான். அதற்காக ஒருவர்மேல் ஒருவருக்குப் பாசம் குறைந்துவிட்டதோ என்று கவலைப்படாதீர்கள்.

உங்கள் வீட்டுக் காற்றைப் பார்ப்போம். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான். மழையை எல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறித் தென்மேற்கிலிருந்து நம்மிடம் வந்து சேர்கிற காற்று. உங்கள் வீட்டின் பின்புறம், அதாவது குசினியும் அம்மாவின் அறையும், கச்சானையும் பின்னேர வெயிலையும் சேர்த்து வாங்குகிறது. சீமெந்துக் கல் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவு எட்டு, ஒன்பது மணிக்குத்தான் உள்ளே விடும். அம்மா படுக்கப் போகிற நேரம் அது. கச்சான் ஓங்காத நாட்களில் பின்னேரம் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். அது முதலில் வந்து தொடுகிற இடம் உங்கள் விறாந்தை. ஒக்டோபருக்குப் பிறகு வாடை. வருடத்தில் நமக்குக் கிடைக்கிற ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிப்பதால் கிழக்குச் சுவர்தான் அதிகம் நனையும்.

இப்போது விறாந்தையை அடைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஹோலின் யன்னல்கள் புதிய அறைக்குள் திறக்கும். கடற்காற்று அந்த அறையோடு நின்றுவிடும். ஹோலில் பகலிலும் விளக்குப் போட வேண்டிவரும். இதுவரை விறாந்தை வாங்கிக்கொண்டிருந்த மாரி மழையை இனி மகளின் அறைச் சுவர் வாங்கும். இரண்டாம் வருடமே அதில் பூஞ்சணம் பிடிக்கும். ஓர் அறையைப் பெறுவதற்காக ஹோலையும் விறாந்தையையும் இழப்பீர்கள். பிறகு அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து இருக்க எந்த இடமும் மிஞ்சாது.

இதை எங்கள் வீட்டிலேயே கண்டேன். 1990இல் சண்டை மறுபடியும் தொடங்கியபோது, தெருப்பக்கம் பார்த்த இரண்டு யன்னல்களையும் கல் வைத்துக் கட்டி அடைத்தோம். அன்றைக்கு அது சரியான வேலை. எல்லோரும் நடு அறையில் பாய் விரித்துப் படுத்தோம். நகரைச் சுற்றி எத்தனையோ வீடுகள் அப்படித்தான் தங்களை மூடிக்கொண்டன. 2009க்குப் பிறகும் நாங்கள் அந்த யன்னல்களைத் திறக்கவில்லை. பயம் போய்விட்டது, சுவர் கண்ணுக்குப் பழகிவிட்டது. 2014இல் மகளின் கல்யாணத்துக்குப் பெயின்ற் அடிக்க வந்த மேசன் கேட்டபோதுதான், இது யன்னல் இருந்த இடமல்லவா என்று எனக்கே உறைத்தது. உடைத்தோம். அன்று பின்னேரமே என் மனைவி கதிரையை இழுத்துக்கொண்டு அந்த யன்னலடியில் போய் இருந்தார். இன்றுவரை எங்கள் வீட்டில் கீரை ஆய்வதும் பேப்பர் வாசிப்பதும் பேரப்பிள்ளை தூங்குவதும் அங்கேதான். திறந்திருக்கிற விறாந்தையை அடைக்கப்போகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அந்த இருபத்துநான்கு வருடங்கள்தான் காரணம்.

சரி, மகளின் அறைக்கு வருவோம். அதற்கு முதலில் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும்.

நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பின்னுக்கு நகர்வார்கள். பின்வளவில் சிறு வீடு, இல்லையென்றால் குசினியோடு ஒட்டிய அறை. அவர்களாகவே கேட்டுப் போவதும் உண்டு. ஆனால் முழங்கால் நோகத் தொடங்கிய பிறகு அந்த அறையில் இருப்பது எப்படி இருக்கும் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டிலேயே சூடான அறை அது. படலையடியில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரியாது. பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்த சத்தம் மட்டும் கேட்கும். தான் கட்டி எழுதித் தந்த வீட்டில் அம்மா அப்படி ஒதுங்கி இருக்கக் கூடாது.

அம்மாவை முன் அறைக்குக் கொண்டுவாருங்கள். அந்த அறையின் யன்னல் விறாந்தையில் திறக்கும் அல்லவா? கட்டிலை அந்த யன்னலோரம் போடுங்கள். காலையில் எழுந்து இரண்டு அடி வைத்தால் சாய்மனைக் கதிரை. வயதானவர்கள் கேட்பது பேச்சுத்துணை மட்டுமல்ல. வீட்டு நடமாட்டம் கண்ணில் பட வேண்டும். மரக்கறி வண்டி வந்தால் கூப்பிடுவதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையை விசாரிப்பதும், கதவு திறந்து கிடக்கிறது என்று உங்களுக்குக் குரல் கொடுப்பதும் அவருக்கு ஒரு வேலை. அந்த வேலை இருக்கும் வரை அவர் வீட்டின் ஆள்.

மகன் அம்மம்மாவோடு அந்த அறையில் படுக்கட்டும். தரம் 4 பிள்ளைக்குத் தனி அறை தேவையில்லை. இரவில் பக்கத்தில் ஒரு மூச்சு இருப்பது நல்லது. அம்மாவுக்கும் நடுச்சாமத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள். நடு அறை மகளுக்கு முழுமையாகக் கிடைக்கும். நீங்களும் கணவரும் பின் அறைக்குப் போக வேண்டிவரும். அது சூடான அறை என்று நானே சொன்னேன். அதைத் தணிக்க வழி இருக்கிறது. மேற்குச் சுவருக்கு ஒன்றரை, இரண்டு அடி தள்ளி, சுவரின் உயரத்துக்குக் கிடுகுத் தட்டி கட்டுங்கள். தட்டிக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். சுவரோடு ஒட்டிக் கட்டினால் பயன் குறைவு, கறையானும் ஏறும். அதற்கப்பால் ஒரு வேம்பும் இரண்டு முருங்கையும் நடுங்கள். முருங்கை ஒரு வருடத்திலேயே நிழல் தரும். வேம்பு வளர்ந்த பிறகு தட்டி வேண்டியதில்லை. கச்சான் காலத்தில் மேற்கு யன்னலைப் பகல் பத்து மணிக்கு மூடி, பொழுது பட்டபின் திறவுங்கள். வெயில் மேற்கிலிருந்து மட்டும் வருகிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் இறுதிவரை நண்பகலில் வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்கு யன்னலுக்கும் இரண்டரை அடி தாழ்வாரம் வேண்டும்.

அம்மாவின் அறையில் இன்னும் சில காரியம் உண்டு. கட்டிலில் இருந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். மெத்தையோடு 17, 18 அங்குல உயரம் பெரும்பாலானவர்களுக்குச் சரி. கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை இரவில் எரிகிற சிறு விளக்கு. வழியில் கால்மிதி, வயர், வாளி எதுவும் கிடக்கக் கூடாது. மலசலகூடச் சுவரில் இரும்புக் குழாய்ப் பிடி ஒன்றைக் கல்லுக்குள் இறுக்கிப் பூட்டுங்கள். ரைல்ஸ் மேல் வெறுமனே ஒட்டுகிற பிடியை நம்பக் கூடாது. குளியலறைக் கதவு நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டரை அடி. நிலை போகச் சக்கர நாற்காலி நுழையாது. என்றைக்காவது அந்தக் கதவை மாற்றினால் 32 அங்குலம் திறந்த வழி கிடைக்கும்படி செய்யுங்கள். சாய்தளம் கட்டலாமா என்றும் பலர் கேட்பார்கள். ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. வெள்ளத்துக்குப் பயந்து நாம் அத்திவாரத்தை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுகிறோம்; அப்படியென்றால் 18 அடி. முன் வளவில் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லாவிட்டால் பரவாயில்லை. ஆறு அங்குலத்துக்கு மேற்படாத படிகளும் இரண்டு பக்கமும் கைபிடியும் இருந்தால் நடக்கக்கூடியவருக்கு அதுவே போதும். செங்குத்தாக ஒரு சாய்தளத்தைக் கட்டி வைத்தால் மாரியில் அதில்தான் வழுக்கி விழுவார்கள்.

மகளுக்குக் கதவும் உள்தாழ்ப்பாளும் பூட்டுள்ள அலுமாரி ஒன்றும் கொடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பெரியபிள்ளையான பெண் உடை மாற்றவும் தன் துணிமணியை வைக்கவும் திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்குகிற நிலை இருக்கக் கூடாது. உள்ளாடைகளும் மாதவிடாய்த் துணிகளும் வெயிலில் காயும்படி, வெளியார் கண் படாத பக்கத்தில் ஒரு கொடி கட்டிக் கொடுங்கள். அறைக்குள் இருட்டில் காயப்போடுவதால் வருகிற தொல்லையைப் பிள்ளைகள் வெளியே சொல்வதில்லை. அதிகாலை நாலரைக்கு எழுந்து படிப்பதற்கும் அந்த அறை வேண்டும். மேசையை யன்னலுக்குப் பக்கவாட்டாக, வலது கையால் எழுதுபவர் என்றால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும்படி போடுங்கள். கை நிழல் எழுத்தின்மேல் விழாது.

மகன் படிக்க வேண்டிய இடம் வேறு. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்று அவனை இப்போதே ஓர் அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்தினால் அவன் படிக்க மாட்டான். அந்த வயதில் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் படிப்பு ஓடும். ஹோலின் நடுவில், விறாந்தைக் கதவும் குசினிக் கதவும் ஒரே நேராகத் தெரிகிற இடத்தில், ஒரு பெரிய மேசை போடுங்கள். செற்றிக்கு வைத்த காசை இதற்குச் செலவழியுங்கள். 5 அடிக்கு 3 அடி மேசை, ஆளுக்கு இரண்டடி வீதம் ஆறு பேர் இருக்கலாம். அந்த மேசையில் மகன் கணக்குச் செய்வான், நீங்கள் பயற்றங்காய் நறுக்கலாம், கணவர் கரண்ட் பில் பார்க்கலாம், அம்மா வெற்றிலைத் தட்டோடு வந்து இருக்கலாம். ஒருவரும் ஒருவரோடும் பேசாவிட்டாலும் அரை மணித்தியாலத்தில் ஏதோ ஒரு கதை தொடங்கும். செற்றியில் இருப்பவர்கள் எல்லோரும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருப்பார்கள். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

போனைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். சண்டை பிடிக்காமல் ஒரு வழி சொல்கிறேன். பிளக் இருக்கிற இடத்தில்தான் போன் இருக்கும். போன் இருக்கிற இடத்தில்தான் பிள்ளை. அறைகளில் கட்டில் தலைமாட்டில் இருக்கிற பிளக்குகளைக் காற்றாடிக்கு மட்டும் விட்டுவிட்டு, மேசையருகே சுவரில் நான்கு பிளக் உள்ள பலகை ஒன்றைப் பூட்டுங்கள். ரூட்டரும் அங்கேயே இருக்கட்டும். நல்ல விளக்கும் நல்ல காற்றாடியும் ஹோலில் இருக்க வேண்டும். அறைகளில் சாதாரணமானது போதும். நம் வீடுகளில் இதைப் பெரும்பாலும் மாற்றித்தான் செய்கிறோம். 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு விளக்கைச் சுற்றி வீடே வந்து இருந்தது. அந்தக் கஷ்டம் திரும்ப வர வேண்டாம். ஆனால் வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே வீடு கூடும் என்பதை அது காட்டித் தந்தது.

குசினியில் இரண்டு மாற்றம் போதும். மேடையின் உயரம் சமைக்கிறவரின் முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். மேசன்மார் எல்லோருக்கும் மூன்றடி என்று கட்டிவிடுவார்கள், கட்டையான பெண்களுக்குத் தோள் நோகும். உங்களுக்கு உயரமாக இருந்தால் நிற்கிற இடத்தில் அகலமான பலகை ஒன்றைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். இரண்டாவது, குசினிக்குள் ஒருவர் இருக்கக்கூடிய சின்ன வாங்கு ஒன்று. தேங்காய் திருவுகிறவர், உள்ளி உரிக்கிறவர், சும்மா வந்து இருக்கிறவர் யாராவது அதில் இருப்பார்கள். தட்டும் கிளாசும் மகனுக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் அவனே எடுத்துக்கொண்டு மேசைக்குப் போவான். மீன் வெட்டுவதும் கழுவுவதும் கிணற்றடிப் பக்கம்தான், அதை மாற்ற வேண்டாம்.

நான் போன வீடுகளில் அதிகம் கண்ட பிழை யன்னலை மறைத்து வைத்த அலுமாரி. உங்கள் வீட்டிலும் ஒன்றாவது இருக்கும், போய்ப் பாருங்கள். காற்று உள்ளே வருவதற்கு ஒரு யன்னல் போதாது. எதிரே வெளியேறவும் வழி வேண்டும். அலுமாரியை யன்னலில்லாத சுவருக்கு மாற்றி, சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள், மாரியில் துணி மணக்காது. புதிய அலுமாரி தவணைக்கு வாங்குகிறவர்கள் மரத்தூள் அமுக்கிய பலகையில் செய்ததை வாங்காதீர்கள். கடலுக்குக் கிட்ட இரண்டு மாரி கண்டால் அடிப்பக்கம் ஊதிவிடும். தேக்கு, முதிரை, வேம்பு என்று நல்ல மரத்தில் பழைய அலுமாரி கிடைத்தால் அதை வாங்கித் தச்சரிடம் கொடுத்துச் சீர்செய்வது நல்லது.

இனி விறாந்தை. அங்கே சுவரோரம் நீளமான வாங்கு ஒன்று, அம்மாவின் சாய்மனைக் கதிரை, ஒரு காற்றாடி. மழைக்கு மேலே சுருட்டிக் கட்டுகிற படங்கு போதும்; வாடை தொடங்க இறக்கிக் கட்டி, தை பிறந்து மழை விட்டதும் சுருட்டிவிடலாம். புயல் அறிவித்தால் மட்டும் படங்கைக் கழற்றி உள்ளே வையுங்கள். 2020 டிசெம்பரில் புரெவி நமக்கு வடக்கே கரை கடந்தபோது, கட்டிவிட்ட படங்கு பாய்மரம்போல் காற்றை வாங்கி, கட்டிய தூணையே ஆட்டியதைப் பார்த்தேன். நுளம்பு வந்தால் யாரும் விறாந்தையில் இருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு எத்தனை வீடுகளை அழவைத்தது என்பது நமக்குத் தெரியும். முட்டையிலிருந்து நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆகவே குளிக்கிற தண்ணீர்த் தொட்டியைக் கிழமைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள், பூச்சாடித் தட்டுகளை எடுத்துவிடுங்கள். விறாந்தைக் காற்றாடி நுளம்பை அண்டவிடாது என்பது அதைப் பூட்டுவதற்கு இன்னொரு காரணம்.

12 பேர்ச் என்றால் 3,267 சதுர அடி. வீடு அதில் மூன்றிலொன்று இருக்கலாம். மிச்சம் முழுவதும் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய இருப்பிடம். வேம்படியில் ஒரு வாங்கு போட்டால் அது இன்னோர் அறைக்குச் சமம். நகரப் பக்கம் மான் உலாவுகிற தெருவில் இருப்பவர்கள் படலையைச் சாத்தாவிட்டால் கத்தரியும் செவ்வரத்தையும் மிஞ்சாது. உங்கள் பக்கம் அந்தக் கரைச்சல் குறைவு. சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும்போது படலையில் நிறைகுடம் வைத்து வீட்டார் எல்லோரும் வாசலில் நிற்பதும், அந்தியேட்டிக்கோ சாமத்தியத்துக்கோ ஐம்பது பேர் வந்து இருப்பதும் விறாந்தையும் முன் வளவும் சேர்ந்திருப்பதால்தான் முடிகிறது. ஐந்து பேருக்கு அளவாக வீட்டை அடைத்துவிட்டால் அந்த நாட்களில் வாடகைக் கொட்டகைதான்.

எதை முதலில் செய்வது என்றால், மேசனைக் கூப்பிடுவதற்கு முன் வெண்கட்டியை எடுங்கள். மேசையும் கட்டில்களும் எங்கே வரும் என்று தரையில் அளவுக்குக் கீறி, இரண்டு நாள் அந்தக் கோட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். இடிக்கிற இடம் அப்போதே தெரிந்துவிடும். பிறகு அம்மாவிடம் கேளுங்கள்; அவர் சம்மதித்தால் கட்டில்களை மாற்றுங்கள். அதற்கு ஒரு பின்னேரமும் இரண்டு ஆட்களும் போதும். தட்டி கச்சானுக்கு முன் கட்டி முடிய வேண்டும். இந்தக் கச்சானும் ஒரு மாரியும் அப்படி இருந்து பாருங்கள். அப்போதும் இடம் போதாது என்று தோன்றினால், வடக்குப் பக்கம் 10 அடிக்கு 10 அடியில் ஓர் அறை எடுக்கலாம். விறாந்தையில் கை வைக்காமல் அதற்குப் படம் நான் வரைந்து தருகிறேன். பட்டினமும் சூழலும் பிரதேச சபையில் அனுமதி எடுத்த பிறகே கல் இறக்குங்கள்.